நீல ஆலாத்தி

தவசிலிங்கம் கல்யாணத்தன்று, மாப்பிள்ளையும் பெண்ணுமாக மண்டப வாசலில் நிற்க, ஆலாத்தித் தட்டில் இருந்த சிவப்புத் தண்ணீர் மூன்றாவது சுற்று முடிவதற்குள் வெள்ளை வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம் போல நீலமாகிப் போனது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், சிவந்ததைச் சுற்றி முச்சந்தியில் கொட்டினால் கண்திருஷ்டி போகும், இது மேலக்கேணியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. சிவந்தது நீலமாவது அன்றைக்குத்தான் முதல் தடவை. தட்டைப் பிடித்திருந்தவள் மாப்பிள்ளையின் தங்கை ஜெயக்கொடி. அவளுக்கும் அந்த வருஷம் தை மாசம்தான் கல்யாணமாகியிருந்தது. அவளுக்குச் சுற்றிய தண்ணீர் நல்ல சிவப்பு, ஏனென்றால் அப்போது தண்ணீருக்கு இந்தப் புத்தி வந்திருக்கவில்லை.

போட்டோக்காரர் தன் விளக்கைக் குறை சொன்னார், சமையல்காரர் சுண்ணாம்பைக் குறை சொன்னார், பெண்ணின் தாய்மாமன் பந்தி ஆறுகிறது என்றார், எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஆனால் போகிற போக்கில் ஒவ்வொருவரும் மணப்பெண் பூமயிலை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பக்கத்தில் பட்டு வேட்டியும் ரோஜா மாலையுமாக நின்ற தவசிலிங்கத்தை யாரும் பார்க்கவில்லை. ஆலாத்தி என்பது வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு எடுப்பது, ஆம்பளை சும்மா கூட நிற்கிறவன், அப்படித்தான் ஊர் நினைப்பு. ஜெயக்கொடியின் நினைப்பும் அதுதான். "எங்க அண்ணன் தலையில ஒரு நீலக்காரியைக் கட்டி வச்சிட்டாகளே" என்று அன்றைக்குச் சாயங்காலமே மண்டபத்தில் நாலு பேர் காது கேட்கச் சொன்னாள். அந்தப் பெயர் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பூமயிலின் முதுகில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

பிறகு நீலம் ஊரில் சகஜமாகிவிட்டது. சடங்கு வீட்டில் நீலமானது, பிரசவம் முடிந்து பிள்ளையோடு வாசலேறியவளுக்கு நீலமானது, புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வந்தவளுக்கு நீலமானது. எல்லோருக்கும் இல்லை, ஏதோ தெருவுக்கு ஒருவர் இருவர். ஆனவர்களுக்கு எத்தனை தரம் சுற்றினாலும் எந்தக் கடைச் சுண்ணாம்பைக் கரைத்தாலும் நீலம்தான். ஆம்பளைகளுக்கும் ஆனது, அதுதான் வேடிக்கை. சபரிமலைக்குப் போய் வந்தவருக்கு ஆனது, துபாயிலிருந்து இறங்கினவனுக்கு ஆனது, வார்டு தேர்தலில் ஜெயித்தவருக்குத் தெரு நெடுக வாசலுக்கு வாசல் ஆனது. அப்போதெல்லாம் தட்டைப் பிடித்த பெண்ணை மாற்றினார்கள். மாற்றியும் நீலமானால் அவளையும் மாற்றினார்கள். அந்த வார்டு மெம்பர், எதிர்க்கட்சிக்காரன் குழாய்த் தண்ணீரில் எதையோ கலந்துவிட்டான் என்று போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு ஆம்பளையைத் தனியாக நிறுத்தி, இந்த நிறம் இவனுடையதாக இருக்குமோ என்று யோசிக்க அந்த ஊரில் ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை.

நீலம் எதைச் சொல்கிறது என்று புரிய வெகுகாலம் ஆயிற்று. நீலமான பெண்களில் சிலருக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே மார்பில் கட்டி வந்தது, சிலருக்குச் சூல்பையில் வந்தது, கேட்டுப் பார்த்தால் அவர்களுடைய அம்மாவுக்கோ சித்திக்கோ முன்னமே வந்திருந்தது. ஆக இது புற்றுநோய் ரத்தத்தில் இறங்குகிற வழி, அதுவும் அம்மாக்காரி வழியாக மட்டும் இறங்குகிற வழி என்று ஊர் முடிவு கட்டியது. முடிவில் பாதி சரி. நீலமான எல்லோருக்கும் நோய் வந்ததா என்றால் இல்லை, தட்டுக்குத் தட்டு நீலமான எண்ணெய்க்கடை மாரித்தாய் தொண்ணூறைத் தாண்டியும் மருமகளை வைதுகொண்டு திடமாக இருந்தாள். சிவப்பானவர்கள் தப்பினார்களா என்றால் அதுவும் இல்லை, தண்ணியே சிவப்புன்னு சொல்லிட்டுதே என்று கட்டியை யாரிடமும் காட்டாமல் இருந்த லோகாம்பாள் அநியாயமாகப் போய்ச் சேர்ந்தாள். ஆம்பளைக்கு வந்தால் மட்டும் பீடி, சிகரெட், சாராயம் என்று காரணம் தயாராக இருந்தது. ஜெயக்கொடியின் அப்பாவுக்குப் புராஸ்டேட்டில் வந்தது, வயசு என்றார்கள். அண்ணன் தவசிலிங்கத்துக்குக் கணையத்தில் வந்து ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, சிகரெட் என்றார்கள். அந்த மனுஷன் சிகரெட்டை விட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

நீலத்தோடு குடித்தனம் பண்ண ஊர் ஒரு தந்திரமும் கண்டுபிடித்தது. மண்டபங்களில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் நிறுத்திவிட்டுப் பாக்கெட்டில் வருகிற சிவப்புப் பொடியைக் கலக்கினார்கள். அதை எமனுக்கே சுற்றினாலும் சிவப்புதான். சரி, பொடியை நம்பி எப்படிப் பெண்ணெடுப்பது? அதற்கு 'சிவப்புச் சொல்' வந்தது. நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் பெண்ணின் அம்மா சபை நடுவில் எழுந்து, குத்துவிளக்கைத் தொட்டு, "எங்க வழி சிவப்பு" என்று சொல்ல வேண்டும். பையனின் அம்மாவை யாரும் கேட்பதில்லை, பையனின் அப்பாவைக் கேட்கலாம் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. சொன்னால் சொன்னதுதான், பிற்பாடு நீலம் என்று வெளியே வந்தால் அது மோசடி, பெண்ணைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் சொல்கிறவளுக்கே தெரியாமல் இருந்தால் பிழையில்லை. அதனால் மேலக்கேணியில் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும், தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் மகா கெட்டிக்காரிகளாக ஆகிப்போனார்கள்.

ஜெயக்கொடியும் கெட்டிக்காரிதான், தன் கல்யாணத்துக்குப் பிறகு தனக்கோ மகளுக்கோ பாக்கெட் பொடியைத் தவிர வேறு தண்ணீரைச் சுற்ற விட்டதே இல்லை. அவளுடைய வீட்டுக்காரர் பரமகுருவுக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை, ஒரே மகள் அபிநயாவுக்கு பேங்க்கில் வேலை, நல்ல இடத்தில் வரன் அமைந்து ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் என்று மண்டபமும் பேசியாயிற்று. அப்படி வீடு கலகலவென்று இருக்கிற நேரத்தில்தான் ஒரு மத்தியானம் பூமயில் மஞ்சள் பையோடு படியேறி வந்தாள்.

"வாங்க மதினி, காபி போடட்டா? சங்கரிக்கு எப்படி இருக்கு?" என்று ஜெயக்கொடி கேட்டாள். சங்கரேஸ்வரி பூமயிலின் ஒரே மகள், பள்ளிக்கூடத்து டீச்சர், முப்பத்து மூன்று வயசு. மார்பில் வந்த கட்டிக்காக மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"போட்ட மருந்து பிடிக்கல. முதுகெலும்புக்குப் போயிருச்சு" என்றாள் பூமயில். நாலு ஊருக்குச் சொல்லிச் சொல்லி அழுகை தீர்ந்துபோன குரல் அது. "வேற ஒரு மாத்திரை இருக்காம். நீல வழிக்காரங்களுக்கு மட்டும்தான் அது கேக்குமாம்."

"அதென்ன அப்படி ஒரு மாத்திரை?"

"நம்ம உடம்பு கிழிஞ்சா தைக்கிறதுக்கு உள்ளுக்குள்ள ரெண்டு கை இருக்குன்னு வச்சுக்கோன்னு டாக்டரம்மா சொல்லுது. வழிக்காரங்களுக்கு அதுல ஒரு கை பிறக்கையிலேயே பலமில்ல. கட்டிக்குள்ள அந்தக் கை அறவே போயிருது. இந்த மாத்திரை மிச்சமிருக்கிற கையைப் பிடிச்சுக் கட்டிப் போட்டுரும். ரெண்டு கையும் இல்லாம கட்டி தன்னைத் தைச்சுக்க முடியாது, செத்துரும். நல்ல சதைக்கு அரைகுறையாவாவது அந்தப் பலமில்லாத கை இருக்குல்ல, அது பொழைச்சுக்கும். எந்தக் குறை நோயைக் கூட்டிட்டு வந்துச்சோ அதே குறைதான் மருந்துக்கும் கதவைத் திறக்குதாம்."

"அப்ப குடுக்க வேண்டியதுதான மதினி?"

"ரத்தத்துல ஒரு மாத்தம் தெரியுதாம். அது கெடுதல் பண்ற மாத்தமா, மச்சம் மாதிரி சும்மா கிடக்கிற மாத்தமான்னு அவுகளுக்கே நிச்சயம் இல்ல. சங்கரிக்குத் தட்டெடுத்துப் பாக்கலாம்னா, அதுதான் பேசாதே."

அது வாஸ்தவம். நோய் வந்து படுத்தவர்களுக்கு முன்னால் தண்ணீர் நிறம் மாறாது. வந்ததற்குப் பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது போலச் சிவப்பாகவே நிற்கும். மதுரையில் அந்த டாக்டர் செலினுக்கும் இது தெரியும். மேலக்கேணிக்காரர்களை வருஷக்கணக்காகப் பார்த்து, சுகர் உண்டா, பிரஷர் உண்டா, ஆலாத்தி என்ன நிறம் என்று ஒரே மூச்சில் கேட்கப் பழகியிருந்தார்.

"என் ரத்தத்தையும் எடுத்தாக" என்றாள் பூமயில். "எங்கிட்ட அந்த மாத்தம் இல்லையாம்."

"அதெப்படி இல்லாமப் போகும்? அன்னைக்கு அத்தனை பேரு பாக்க..."

"அதுக்குத்தான் வந்தேன். ஆஸ்பத்திரி சொன்னா நீ நம்ப மாட்டே, தட்டு சொன்னா நம்புவே. எனக்கு ஆலாத்தி எடு."

தாலி அறுத்தவளுக்கு யாரும் ஆலாத்தி எடுப்பதில்லை, அதுவும் நிச்சயம் வைத்த வீட்டில். "மதினி, நல்ல காரியம் வச்சிருக்கேன்" என்று இழுத்தாள்.

"கதவைச் சாத்திக்கோ. முப்பது வருஷமா நீலக்காரின்னு கூப்பிட்டியே ஜெயா, ஒரு தடவை பாத்துட்டுக் கூப்பிடு."

பையிலிருந்து மஞ்சளும் சுண்ணாம்பும் அவளே எடுத்து வைத்தாள். அடுப்படியில், மிக்ஸிக்கும் மாவுச்சட்டிக்கும் நடுவில், எவர்சில்வர் தட்டில் தண்ணீர் சிவந்தது. ஜெயக்கொடி சுற்றினாள். மூன்று சுற்று முடிந்தது, சிவப்பு. இன்னும் சுற்றினாள், கை வலிக்க வலிக்க, மாறு மாறு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு சுற்றினாள், வெட்கங்கெட்ட அந்தத் தண்ணீர் குங்குமத்தைக் கரைத்தது போல அப்படியே சிவந்து கிடந்தது. பூமயில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உட்கார்ந்து போனவள் ஜெயக்கொடிதான்.

"அப்ப எங்க அண்ணனா?" என்றாள்.

"உங்க அண்ணனுக்கு எங்கிருந்து வந்துச்சு? உங்க அப்பாகிட்ட இருந்து. உங்க அப்பா ஒரு பிள்ளையோட நிறுத்தலையே." பூமயில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா வழியில உசுரோட இருக்கிற ஆள் ஒண்ணு வேணும்னு டாக்டரம்மா கேக்குது. உன் ரத்தத்துலயும் அதே மாத்தம் இருந்து, உனக்குத் தட்டும் நீலமாச்சுன்னா, மாத்திரையை எழுதிருவேங்குது. உன்னை விட்டா எனக்கு ஆள் இல்ல. ஆனா நான் கட்டாயப்படுத்த மாட்டேன். உனக்கும் ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு."

காபி குடிக்காமல் போனாள். ஜெயக்கொடி சிவப்புத் தண்ணீரை முச்சந்திக்குக் கொண்டுபோகப் பயந்து சிங்க்கில் ஊற்றிவிட்டு, குழாயை வெகுநேரம் திறந்து விட்டபடி நின்றாள்.

பரமகுரு கடையிலிருந்து சாப்பிட வந்ததும் சொன்னாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை, சங்கரியைச் சின்னதில் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர்தான். ஆனால் சோற்றில் கை வைத்தபடி வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இங்க பாரு. நிச்சயத்துக்கு முன்னாடி ரத்தம் குடுத்து நீலம்னு தெரிஞ்சா, உன்னால சபையில சிவப்புன்னு சொல்ல முடியாது. சொல்லிட்டுப் பின்னாடி குடுத்தா அது மோசடி. பிள்ளை வாழ்க்கை நடுத்தெருவுக்கு வந்துரும்."

"அப்ப சங்கரி?"

"நான் வேண்டாம்னா சொல்றேன்? உனக்கு நீலம்னு யாரு சொன்னா? பாதிக்குப் பாதிதான். தெரியாம இருக்கிற வரைக்கும் நீ சொல்றது பொய்யில்ல ஜெயா." பிறகு தட்டை நகர்த்திவிட்டு, "உனக்குன்னா அபிக்கும் இருக்கலாம்ல. அதை எப்படித் தெரிஞ்சுக்கிட்டு நான் தூங்குவேன்?" என்று சொல்லி அழுதார். கல்யாணமான நாளாக அவர் அழுது ஜெயக்கொடி பார்த்ததில்லை. அவளுக்கும் அழுகை வந்தது, ரெண்டு பேரும் எச்சில் கையோடு உட்கார்ந்து அழுதார்கள்.

அடுத்த வாரம் அவள் மதுரைக்கு பஸ் ஏறிச் சங்கரியைப் பார்க்கப் போனாள். கேட்டுக் கேட்டுக் காராச்சேவு வாங்கித் தின்ற பிள்ளை, பொட்டலத்தின் வாடையே ஆகாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. தலையில் ஒரு பூப்போட்ட துணி. கை மணிக்கட்டில் எலும்பு தெரிந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும், அவள் அம்மா சொல்லியிருப்பாள். ஆனால் மாத்திரை என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

"அத்தை, நிச்சயத்துக்கு என் பச்சைப் பட்டை அபியைக் கட்டிக்கச் சொல்லுங்க. எனக்கு ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு" என்றாள்.

வாய் விட்டுக் கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். கேட்காததால்தான் ஜெயக்கொடி திரும்பி வருகிற வழியெல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் செலினின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவள்தான் அதைப் பார்க்காதவள் போலக் கடந்து வந்திருந்தாள்.

நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். பூமயிலை ஜெயக்கொடியே நேரில் போய் அழைத்திருந்தாள். அவள் வந்து, வழக்கம்போலக் கடைசி வரிசையில், பந்திக்கூடத்துக் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஹரிராம் கோட்டு சூட்டில் வந்தான். அவன் அம்மா இந்திராணி நல்ல பேச்சுக்காரி, கறார்க்காரி. சங்கரியின் சேதி அந்த அம்மாளுக்கும் போயிருந்தது. "பாவம் அந்தப் பிள்ளை. நல்லவேளை, அது அவுக அம்மா வழி. உங்க பக்கம் பழுதில்லையே" என்று ஜெயக்கொடியின் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தாள்.

பச்சைப் பட்டில் அபிநயா வந்து உட்கார்ந்தாள். பத்திரிகை வாசித்தார்கள். பெண்ணின் அம்மா வரட்டும் என்றார்கள். ஜெயக்கொடி எழுந்து, ஈர உள்ளங்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, குத்துவிளக்கைத் தொட்டாள். பரமகுரு அவளையே பார்த்தார்.

"எங்க வழி" என்றாள்.

அதற்கு மேல் வரவில்லை. மறுபடி "எங்க வழி" என்றாள். மைக்செட்காரன் தன் வயரில்தான் கோளாறு என்று நினைத்து ஓடிவந்து மைக்கைத் தட்டினான். அவளுக்கு அந்தக் கணத்தில் நினைவு வந்ததெல்லாம் சங்கரியின் மணிக்கட்டு மட்டும்தான்.

"எனக்குத் தெரியாது" என்றாள் ஜெயக்கொடி. "தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்."

தாம்பூலத் தட்டில் விரலி மஞ்சள் இருந்தது, வெற்றிலைக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு இருந்தது. அவளே மஞ்சளைச் சந்தனக் கல்லில் இழைத்தாள், அவளே கரைத்தாள். சபை என்ன நடக்கிறது என்று புரியாமல் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. அவள் கடைசி வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மதினி, வாங்க. எனக்கு நீங்க ஆலாத்தி எடுங்க."

ஐயோ, அப்போது எழுந்த சத்தத்தைச் சொல்லி முடியாது. நல்ல காரியத்தில் தாலி அறுத்தவளா, அதிலும் நீலக்காரியா என்று நாலு பக்கமும் கூச்சல். பூமயில் பதறிப்போய் ஓடிவந்து, "கூறு கெட்டுப்போச்சாடி உனக்கு? வீட்டுல வச்சுப் பாத்துக்குவோம். பிள்ளை காரியம்டி" என்று கெஞ்சினாள்.

"உங்களுக்கு மண்டபத்துல வச்சுத்தான பேரு வச்சேன். எடுங்க மதினி."

பூமயில் தட்டை வாங்கினாள். முதல் சுற்றில் தண்ணீர் சிவப்பு. ரெண்டாவது சுற்று பாதி போவதற்குள், விளிம்பிலிருந்து உள்பக்கமாக, அவசரமில்லாமல், நீலம் பரவி நிறைந்தது.

"எல்லாரும் பாத்துக்கோங்க" என்றாள் ஜெயக்கொடி. "இது எங்க அப்பா எனக்குக் குடுத்தது. எங்க அண்ணனுக்கும் அவரு குடுத்தாரு. அன்னைக்கு நீலமானது எங்க அண்ணனுக்கு. எங்க மதினி சிவப்பு, நான் என் கையால சுத்திப் பாத்துட்டேன். நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். சம்பந்தம் வேணும்னா இருங்க, வேண்டாம்னா சாப்பிட்டுட்டாவது போங்க."

சொல்லி முடித்துவிட்டு அவள் மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நின்றாள். அபிநயா எழுந்து வந்து அம்மாவை விலக்கிவிட்டு அதே இடத்தில் நின்றாள்.

"அத்தை, எனக்கும்."

"உனக்கு எதுக்குடி?" ஜெயக்கொடி கத்தினாள். "எனக்குப் பாத்தாச்சுல்ல, சங்கரிக்கு இது போதும். நீ போ அந்தப் பக்கம். மதினி, அவளுக்கு வேண்டாம், கும்பிட்டுக் கேக்குறேன்!"

"நான் தெரிஞ்சுக்கிறேம்மா. பின்னாடி ஒரு நாள் படுக்கையில கிடந்து தெரிஞ்சுக்கிறதுக்கு இது பரவாயில்ல."

புதுத் தண்ணீர் கரைத்தார்கள். அதுவரை கல்லாக நின்ற பரமகுரு, இப்போது தூணோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஜெயக்கொடி மூடவில்லை. சிவப்பு, சிவப்பு, இன்னும் சிவப்பு என்று அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது சுற்றின் முடிவில் தண்ணீர் நீலமானது. ஜெயக்கொடி வயிற்றில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நீலத் தண்ணீரைத் தொடாமல் கொண்டுபோய்க் கொட்டிவிடுவதுதான் ஊர் வழக்கம். பூமயில் அதற்குள் பெருவிரலை முக்கி, அபிநயாவின் நெற்றியில் பொட்டு வைத்தாள். குனிந்து, தரையில் கிடந்தவளின் முகத்தைத் தூக்கி அவளுக்கும் வைத்தாள். பிறகு தட்டைக் கையில் ஏந்தியபடி, "ஆம்பளைங்க யாருக்காவது பாக்கணுமா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். பாவம், அவள் ஒன்றும் குத்தலாகக் கேட்கவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த அப்பாக்களும் மாமன்களும் அத்தான்களும், பந்திக்கு இலை போட்ட ஆட்கள் உட்பட, செருப்பைத் தேடிக்கொண்டு வெளியேறின வேகத்தில் வாசலில் கட்டியிருந்த வாழைமரம் சாய்ந்துவிட்டது. ஹரிராமுக்கு அப்போதுதான் முக்கியமான போன் வந்தது. பேசிக்கொண்டே கார் வரைக்கும் போனவன் திரும்பி வரவில்லை.

சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்டால், சொல்லியனுப்புகிறோம் என்றார்கள், சொல்லியனுப்பவில்லை. ஆனால் மறுநாள் மத்தியானம் பூமயில் வீட்டுப் பின்வாசலை எண்ணெய்க்கடைக்காரரின் பெண்டாட்டி வந்து தட்டினாள், வீட்டுக்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் முன்னாள் வார்டு மெம்பர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். வாரத்துக்குள் இந்திராணியே ஜெயக்கொடிக்குப் போன் போட்டாள். மகன் பேச்சை எடுக்கவில்லை. "உங்க மதினி எங்க வீடு வரைக்கும் ஒரு தடவை வருவாகளா? எங்க வீட்டுக்காரரோட கூடப் பிறந்தவங்க ரெண்டு பேருக்கு வந்துச்சு." என்று அடங்கின குரலில் கேட்டாள். ஜெயக்கொடி போனை அபிநயாவிடம் கொடுத்துவிட்டாள். அபிநயாதான் நாளும் நேரமும் சொன்னாள்.

டாக்டர் செலின் ஜெயக்கொடியின் ரத்தத்தில் அதே மாற்றத்தைக் கண்டார். எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் போகாத அந்த நெற்றிப் பொட்டையும் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மாத்திரைக்கு எழுதினார்.

"கேக்குமா டாக்டரம்மா?" என்றாள் பூமயில்.

"கேக்கும்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா இதுவரைக்கும் போட்டதை விட இதுக்கு வாய்ப்பு அதிகம்." பிறகு அவர் அபிநயாவின் நெற்றியைக் கவனித்தார். பேனாவை மூடி வைத்தார். "நீலம்னா நோய் இல்லம்மா, வழிதான். வருஷா வருஷம் ஸ்கேன் பாத்துக்கணும், இன்னும் சில விஷயம் யோசிக்கணும், பேசுவோம். முதல்ல போய் அக்காவைப் பாரு."

முறைப்படி சங்கரி அபிநயாவுக்கு மதினி. ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்ததில் சின்னதிலிருந்து அக்காதான். கட்டிலில் சாய்ந்திருந்த சங்கரி, அத்தை நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். உதட்டில் சிரிப்பு வந்தது. மாத்திரை கிடைத்துவிட்டது, அதைச் சொல்லவே வேண்டியதில்லை. அப்புறம் அத்தைக்குப் பின்னால் தயங்கி நின்ற அபிநயாவின் முகம் தெரிந்தது.

முடி கொட்டியபோது சங்கரி அழவில்லை, எலும்புக்குப் போய்விட்டது என்றபோதும் அம்மாவுக்கு அவள்தான் ஆறுதல் சொன்னாள். இப்போது, "ஐயோ அபி, உனக்குமாடி! எனக்காகப் போய் நின்னியா!" என்று வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் வந்தாள். பூமயில் பிடித்துப் பார்த்தாள், ஜெயக்கொடி கெஞ்சிப் பார்த்தாள், யாராலும் அவளை அடக்க முடியவில்லை.

அபிநயா செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறினாள்.

"தள்ளிப் படுக்கா" என்றாள்.